மலையடிவாரத்தில் வண்டிக் காவல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முத்தமிழுக்கென வகுத்த இம்மாலைப் பொழுதில், எனக்கு முன்னர்ப் பேசிய அன்பர்கள் சிலம்பின் சிறப்பையும் கம்பனின் கவிநயத்தையும் விருந்தாகப் படைத்த பின்னர், காரின் கண்ணாடியைப் பற்றி ஒருவன் பேச எழுந்தால் நகைப்பு உண்டாவது இயல்பே. ஆயினும், மட்டாஞ்சேரியில் நம்மவர் வீட்டு வாசல்களில் கார் நில்லாத வீடுகள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன. பள்ளி விடுமுறை வந்ததும் அவ்வண்டிகள் யாவும் மலையை நோக்கிப் புறப்படுகின்றன. ஆதலின், மலையேறச் செல்லும் நாம் அடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் போகும் வண்டியையும், அதனுள் வைத்துவிட்டுப் போகும் பொருளையும் காப்பது எங்ஙனம் என்பதையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

நாம் செல்லும் இடங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூணாற்றையடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவிற்குச் சென்றால், வண்டியைக் கீழே விட்டுவிட்டு வனத்துறையின் பேருந்தில் இராஜமலைக்கு ஏறவேண்டும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பம்பை மணற்புறம் சிதைந்த பின்னர், சபரிமலை செல்வோர் வண்டிகளை நிலக்கலில் நிறுத்துவதே பெருவழக்காயிற்று. அங்கிருந்து பம்பைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பேருந்துப் பயணம், அதன்பின் மலையேற்றம், வரிசையில் நிற்றல், இறக்கம். ஒரு பகலும் ஓரிரவும் வண்டியை நாம் காண்பதில்லை. வெள்ளியங்கிரிக்கோ பெரும்பாலோர் இரவில் ஏறுகின்றனர். ஏழு மலையும் கடந்து திரும்பும்வரை வண்டி பூண்டி அடிவாரத்தில் நிற்கும். அகத்தியர்கூடத்திற்குப் போனாக்காட்டிலிருந்து நடக்கத் தொடங்குவோர் மூன்றாம் நாள்தான் வண்டிக்கு மீள்வர். சதுரகிரிக்குத் தாணிப்பாறையும் இத்தகையதே.

இவ்விடங்களின் இயல்பு ஒன்றுண்டு. நம் தெருவில் ஒருவன் காரின் அருகில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பானாயின், எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து, “யாரப்பா நீ?” என்று ஒரு குரல் எழும். மலையடிவாரத்தில் எழாது. அங்கு நிற்பவன் எவனும் அயலான். அயலான் நிற்பது அங்கே ஐயத்திற்கு இடமாவதில்லை. மேலும், மலையேறியவன் இன்ன நேரத்திற்கு முன்னர்த் திரும்ப மாட்டான் என்பது திருடனுக்கு நன்கு தெரியும். கடைத்தெருவில் நிறுத்திய காருக்கு உரியவன் ஐந்து நிமிடத்தில் வந்துவிடக்கூடும். நிலக்கலில் நிறுத்தியவனோ இருமுடி தாங்கிச் சென்றிருக்கிறான்.

வழியில் பொருளை இழப்பது நம் வரலாற்றுக்குப் புதிதன்று. பாலைத்திணைப் பாடல்களில் ஆறலைகள்வரைப் பற்றி எத்தனையோ இடங்களில் படித்திருக்கிறோம். தொண்டைமான் இளந்திரையனின் நாட்டைப் புகழப் புகுந்த பெரும்பாணாற்றுப்படையின் ஆசிரியர், அவன் நாட்டு வழிகளில் வழிப்பறி செய்யும் கொடியோர் இல்லை என்பதை ஒரு பெருமையாகவே எடுத்துரைக்கிறார். இல்லை என்று சொல்வதே பெருமை என்றால், ஏனைய இடங்களில் எப்படி இருந்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இதனினும் நமக்கு அணித்தானதொரு கதை உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் தம் தோழராகிய சேரமான் பெருமாளைக் காண, இங்கிருந்து வடக்கே நாம் ஒரு காலைப்பொழுதில் சென்றடையத்தக்க கொடுங்கல்லூருக்கு எழுந்தருளினார். விடைபெறும் வேளையில் சேரமான் பொன்னும் மணியும் ஆடையும் அளவின்றிக் கொடுத்து, அவற்றை ஆள்களின் தலையிலேற்றி அனுப்பிவைத்தார். கொங்கு நாட்டில் அவிநாசியை அடுத்த திருமுருகன்பூண்டியை அடைந்தபோது, இறைவனின் பூதகணங்கள் வேடர் வடிவில் வந்து அத்தனையையும் பறித்துக்கொண்டன என்று பெரியபுராணம் கூறுகிறது. சுந்தரர் அவ்வூர்க் கோயிலுக்குச் சென்று பதிகம் பாடினார். பறிபோனவை யாவும் கோயில் வாயிலில் வந்து குவிந்தன. (வெள்ளியங்கிரியின் அடிவாரத்து ஊரும் பூண்டியே, இரண்டும் வேறு ஊர்கள். பெயரொற்றுமையால் மயங்கற்க.)

சேர நாட்டில் ஈட்டியதை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குத் திரும்பும் வழியில் அதனைப் பறிகொடுத்தவர் சுந்தரர். நாமும் அவ்வழியிற் செல்வோரே. மட்டாஞ்சேரியிலிருந்து ஊருக்குப் புறப்படும் நம்மவர் வண்டியில் என்னென்ன இருக்கின்றன? சுற்றுலாவிற்கென்றே செல்பவன் இரண்டு உடுப்பும் ஒரு சீப்பும் எடுத்துச் செல்கிறான். நாமோ ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்குப் போகிறோம். அந்த ஒரு பயணத்திற்குள் தங்கை மகளின் திருமணம், பங்காளிகளோடு பத்திரப் பதிவு, பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை, குலதெய்வ வழிபாடு ஆகிய அனைத்தையும் அடக்கிவிடுகிறோம். இத்தனைக்கும் இடையில், “போகிற வழிதானே, மலைக்கும் ஏறிவிட்டுப் போகலாம்” என்று ஒருவர் சொல்ல, வண்டி அடிவாரத்தில் நிற்கிறது. அப்பொழுது அதனுள் மொய்ப்பணம் இருக்கிறது. இரவல் வாங்கிய அட்டிகை இருக்கிறது. மதிப்பெண் சான்றிதழின் மூலப்படி இருக்கிறது. வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் இருக்கின்றன. வீட்டையே நான்கு சக்கரத்தின்மேல் ஏற்றிக் காட்டோரத்தில் நிறுத்திவிட்டுப் போகிறோம் என்றாலும் பொருந்தும்.

நம் காலனிக் குடும்பம் ஒன்றிற்கு நேர்ந்ததை, அவர்களின் இசைவு பெற்று, பெயரும் இடமும் குறியாமல் சொல்லுகிறேன். பிள்ளைக்குச் சாதிச் சான்று பெறுவதற்காக, 1950-ஆம் ஆண்டிற்கு முன்னரே தம் குடும்பம் கொச்சியில் குடியிருந்தது என்பதைக் காட்டும் பழைய காகிதம் ஒன்றை அவர்கள் வைத்திருந்தனர். பட்டியலினத்தவர்க்கான குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்டு 10-ஆம் நாள் பிறப்பிக்கப்பட்டது. அந்நாளில் முன்னோர் எந்த மாநிலத்தில் குடியிருந்தனர் என்பதைக் கேட்பது அலுவலகங்களின் வழக்கம். இங்கே இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் நம்மவருள் பலர்க்கு இக்கேள்வியால் உண்டாகும் அல்லலை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பாட்டனாரின் பள்ளிப் பதிவேட்டுப் படி அது, பழுப்பேறிய தாள், ஒரே ஒரு படி. ஊரிலுள்ள பெரியப்பாவிடம் காட்டி மேலும் சில விவரம் கேட்கலாமென்று அதனை ஒரு தோற்பையில் வைத்து எடுத்துச் சென்றார்கள். வழியில் ஒரு மலை. பின்னிருக்கையில் பை. திரும்பி வந்தபோது இருக்கையெங்கும் கண்ணாடித் துகள்.

அந்தப் பைக்குள் பணம் இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை. கணினி இருக்குமென்று எண்ணித் திருடன் எடுத்திருப்பான் போலும். அச்சத்தால் அவர்கள் உடனே அவ்விடத்தை விட்டு அகன்றனர். நான்காம் நாள் தோட்டத் தொழிலாளர் ஒருவர் சாலையோரத்து ஓடையில் அப்பையைக் கண்டெடுத்து, அதில் எழுதியிருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். இடையில் மூன்று நாளும் மழை. அக்குடும்பத் தலைவர் என்னிடம், “அண்ணே, பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், தாத்தாவின் காகிதத்தை எங்கே போய்ச் சம்பாதிப்பது?” என்று கேட்டார். அக்கேள்வியே இப்பேச்சுக்குக் காரணம்.

இனி, காரின் கதவு எதனைக் காக்கும், எதனைக் காவாது என்று பார்ப்போம். காரின் முன்புறக் கண்ணாடி இரு தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலம் வைத்து ஒட்டப்பெற்றது. உடைந்தாலும் விரிசல் விட்டு அப்படியே நிற்கும். பக்கக் கண்ணாடியோ பொதுவாக வேறு வகை. அதனைச் சூடேற்றி விரைந்து குளிரச்செய்து கடினமாக்குகின்றனர். விபத்து நேர்ந்தால் கூரிய துண்டுகளாகாமல் சிறு சிறு மணிகளாகச் சிதறி, உள்ளிருப்போரைக் காக்கவேண்டும் என்பதே நோக்கம். அந்நற்குணமே இங்கே தீங்காக முடிகிறது: ஓரிடத்தில் உடைந்தால் முழுவதும் நொடியில் உதிர்ந்துவிடுகிறது. ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த பூட்டாயினும், பக்கத்தில் அந்தக் கண்ணாடி இருக்கும்வரை திருடனுக்குத் தடை சில நொடியே. எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவி பயனுடையதுதான். ஆனால் காட்டில் அதனைக் கேட்பவர் யார்?

திருடன் உடைப்பதற்கு முன் பார்க்கிறான். எதனைப் பார்க்கிறான் என்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இருக்கையின்மேல் பை தெரிகிறதா? கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பி தொங்குகிறதா? தொங்கினால் கைப்பேசியோ கணினியோ உள்ளே எங்கேனும் இருக்கலாம். போர்வையால் எதனையோ மூடி வைத்திருக்கிறார்களா? மூடியிருப்பது மதிப்புடைய பொருளாகத்தான் இருக்கவேண்டும் என்று அவன் முடிவு கட்டுகிறான். எண்பலகையையும் பார்க்கிறான். நம் மட்டாஞ்சேரி வண்டிகளின் கே.எல். 43 என்னும் எண், தேனி மாவட்டத்திலோ விருதுநகர் மாவட்டத்திலோ நிற்கும்போது, “இவர்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்கள், மூட்டை முடிச்சு உள்ளேதான் இருக்கும், திருட்டுப் போனாலும் மறுமுறை வந்து வழக்கு நடத்த மாட்டார்கள்” என்று அறிவிக்கும் விளம்பரப் பலகை ஆகிவிடுகிறது.

எல்லாவற்றினும் மேலாக, நாம் வந்து இறங்கும் காட்சியை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நம்மவர் செய்வது என்ன? அடிவாரத்திற்கு வந்து சேர்ந்த பின்னர்தான் கைப்பையையும் நகைப்பெட்டியையும் டிக்கியைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே வைக்கிறோம். “இதைத் துணிக்கு அடியில் வை, அதைச் சக்கரத்திற்குப் பக்கத்தில் வை” என்று அம்மையார் உரக்கச் சொல்வதும் உண்டு. தேநீர்க்கடை வாசலில் நிற்பவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறான். எடுத்து வைக்கவேண்டியவற்றைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு முன்னரே, காப்பிக்கு நிறுத்தும் இடத்தில் வைத்துவிடுங்கள். அடிவாரத்தில் டிக்கியைத் திறக்கவே வேண்டா. டிக்கியும் இரும்புப் பெட்டகம் அன்று. பல சிறு கார்களில் பின்னிருக்கையைச் சாய்த்தால் டிக்கிக்குள் கை நுழைந்துவிடும்.

தொலைவிசைச் சாவியை அழுத்திவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நடப்பது மற்றொரு வழக்கம். கதவு பூட்டியதா என்று கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் செல்க. அச்சாவியின் அலையைத் தடுக்கும் கருவிகளும் உலகில் உள. கண்ணாடியை விரற்கடை அளவு இறக்கி வைப்பதும், கூரைச் சாளரத்தைத் திறந்து வைப்பதும் கூடா.

பத்து ரூபாய்த் தாள்களைத் தரையில் இறைத்துவிட்டு, “ஐயா, உங்கள் பணம் கீழே விழுந்துவிட்டது” என்று சொல்வோரையும், “வண்டியிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது” என்று சொல்வோரையும் பற்றி நாளிதழில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். நாம் குனியும்போது மறுபுறக் கதவு திறக்கிறது. இது நகரத்து வங்கி வாசலில் பெருகிய தந்திரமாயினும் மலைச்சாலையிலும் செல்லுபடியாகும். யாரேனும் அங்ஙனம் சொன்னால், முதலில் கதவுகளைப் பூட்டிவிட்டுப் பின்னர்க் கீழே பாருங்கள்.

நிறுத்தும் இடத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிழலைத் தேடிக் கடைக்கோடி மரத்தடிக்குப் போகாமல், வனத்துறைச் சாவடியின் அருகிலோ சீட்டுக் கொடுக்கும் இடத்தின் எதிரிலோ தேநீர்க்கடையின் பார்வையிலோ நிறுத்துங்கள். வண்டி வெயிலில் காய்ந்தால் காயட்டும். மதில் இருப்பின் டிக்கி மதிலோடு ஒட்டும்படி பின்னோக்கி நிறுத்தலாம். மலையேற இயலாத பெரியவர் ஒருவர் கீழே தங்குவாராயின் அதனினும் சிறந்த காவல் வேறில்லை. ஆனால் கண்ணாடிகளை ஏற்றிய வண்டிக்குள் அவரை உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் மூடிய கார் விரைவில் அடுப்பாகிவிடும். கடை நிழலில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

மனிதரல்லாத திருடரும் உளர். மலையடிவாரத்துக் குரங்கு, கைப்பிடிக் கூடையையும் திறந்த சாளரத்தையும் நம்மினும் நன்கறியும். யானையோ உப்பும் பழமும் அரிசியும் இருக்கும் இடத்தை மோப்பத்தால் உணரும். சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி உண்டதனாலேயே “அரிக்கொம்பன்” என்று பெயர் பெற்ற யானையை 2023 ஏப்ரலில் பெரியாறு காட்டிற்கு மாற்றினர்; அது கம்பம் நகருக்குள் இறங்கிவரவே, சூன் திங்களில் தமிழக வனத்துறையினர் பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டனர். ஆகவே மலக்காப்பாறை, வால்பாறை வழியில் நிறுத்தும் வண்டிக்குள் வாழைத்தாரையும் புளிச்சோற்றுப் பாத்திரத்தையும் வைத்துவிட்டு நடக்கவேண்டா.

இத்தனை சொன்ன பின்னரும், நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. பொருளை வண்டிக்குள் எங்கே ஒளிப்பது என்று ஆராய்வதினும், பொருள் வண்டியில் இல்லாத நாளில் மலைக்குச் செல்வதே தக்கது. இதற்கு வேண்டியது பயணத்தின் வரிசையை மாற்றுவது மட்டுமே. போகும் வழியில் மலை ஏறாதீர்கள். முதலில் ஊருக்குச் சென்று சேருங்கள். நகையையும் பணத்தையும் பத்திரத்தையும் மாமா வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மறுநாள் விடியலில் வெறும் வண்டியோடு மலைக்குப் புறப்படுங்கள். தாணிப்பாறைக்கும் பழனிக்கும் இது கைகூடும். “எரிபொருள் இரட்டிப்பாகுமே” என்பர் சிலர். ஆகும். உடைந்த கண்ணாடி ஒன்றின் விலையையும் அலைச்சலையும் அதனோடு வைத்து எண்ணிப் பார்க்கட்டும்.

உறவினர் வீடு வழியில் இல்லையெனின், தங்கும் விடுதியில் அறையை விடாமல் வைத்துக்கொண்டு பெட்டியை அங்கே விட்டுச் செல்லலாம். ரயிலில் செல்வோர்க்குப் பெரிய நிலையங்களில் சாமான் பாதுகாப்பறை உண்டு. பயணச்சீட்டு இருக்கவேண்டும், பெட்டி பூட்டியிருக்கவேண்டும். பூட்டு இல்லாத பையை நாங்கள் ஏற்பதில்லை என்பதற்காகச் சினங்கொள்ளும் பயணிகள் பலர். அங்கும் நகையை வைக்காதீர்கள்.

ரயில்வேயைப் பற்றிப் பேச்சு வந்தமையால் ரசீதைப் பற்றியும் ஒரு சொல். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 100-ஆம் பிரிவு என்ன கூறுகிறதென்றால், ரயில்வே ஊழியர் பதிவு செய்து ரசீது கொடுத்தாலன்றி, சாமானின் இழப்பிற்கு ரயில்வே பொறுப்பாகாது. பயணி தம்மோடு எடுத்துச் செல்லும் சாமானாயின், ஊழியரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தது என்பதையும் மெய்ப்பிக்கவேண்டும். எதற்கு ரசீதோ அதற்கே பொறுப்பு. அடிவாரத்தில் ஐம்பது ரூபாய்க்குக் கொடுக்கும் சீட்டு வண்டி நிற்கும் இடத்திற்கு உரியது. வண்டிக்குள் இருக்கும் பைக்கு எவரும் சீட்டுக் கொடுக்கவில்லை. “உரிமையாளர் பொறுப்பில்” என்று அச்சிட்டுவிட்டால் நடத்துவோர்க்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பீர்கள். தில்லியில் ஒரு நட்சத்திர விடுதியின் ஊழியரிடம் சாவியோடு ஒப்படைத்த கார் 1998-இல் திருட்டுப்போன வழக்கில், அவ்வாறு அச்சிட்டிருப்பதை மட்டும் காட்டி விடுதி தன் கவனக்குறைவிற்கான பொறுப்பினின்று தப்ப முடியாதென்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே சாவி கைமாறியது, காணாமற்போனது காரே. நாமே நிறுத்தி, நாமே பூட்டி, சாவியை நாமே எடுத்துச் செல்லும்போது அத்தீர்ப்பை நம்பி இருத்தல் இயலாது.

காப்பீட்டைப் பற்றியும் பலர்க்குத் தவறான எண்ணம் இருக்கிறது. வண்டியின் சேதத்திற்கும் சேர்த்துக் கட்டிய முழுக் காப்பீடு இருந்தால் கண்ணாடிக்கு ஈடு கிடைக்கலாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருப்பின் அதுவும் கிடையாது. உள்ளே இருந்த பைக்கும் கணினிக்கும் நகைக்கும் வழக்கமான கார்க் காப்பீடு ஈடு கொடுப்பதில்லை. தனிப்பட்ட உடைமைகளுக்கென்று கூடுதலாகப் பணம் செலுத்திச் சேர்த்திருந்தால், அதில் கண்ட வரம்பிற்குள் கிடைக்கும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது அந்தத் தாளை ஒரு முறையேனும் படித்துப் பாருங்கள்.

நிற்க. இவ்வளவு காவலுக்கும் மீறிக் கண்ணாடி உடைந்துவிட்டது என்று கொள்வோம். சரக்கு ரயிலின் பெட்டிக் கதவுக்கு நாங்கள் முத்திரையிடுவதற்கு ஒரு காரணம், முத்திரை எந்த இடத்தில் உடைந்தது என்று தெரியவேண்டும் என்பது. அதுபோல, வண்டியை எடுக்கும் முன்னர் நான்கு கதவையும் டிக்கியையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். உடைந்திருந்தால் எதனையும் தொடுவதற்கு முன்னர்க் கைப்பேசியால் படம் எடுங்கள். பின்னர், துணையோடு, வெளிச்சமுள்ளவரை, சாலையின் இருபுறமும் சில நூறு அடி தேடுங்கள். திருடன் பணத்தையும் கருவியையும் எடுத்துக்கொண்டு காகிதத்தை வீசிவிட்டுச் செல்லக்கூடும். நம் காலனிக் குடும்பம் அன்றே தேடியிருந்தால் ஓடையில் கிடந்த பை மழைக்கு முன் கிடைத்திருக்கும். வங்கி அட்டையை உடனே முடக்குங்கள். கைப்பேசி போயிருந்தால் அதனை முடக்குவதற்கு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி என்னும் ஏற்பாடு 2023 முதல் நாடு முழுவதற்கும் இருக்கிறது. கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

அடுத்தது காவல் நிலையம். இங்கே எல்லை கடந்து செல்லும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. வால்பாறையில் காலையில் நிறுத்தினோம். அதிரப்பள்ளியில் மாலையில் நிறுத்தினோம். இடையில் மலக்காப்பாறையில் மாநில எல்லை. பை காணாமற்போனதைச் சாலக்குடியில் அறிகிறோம். எந்த நிலையத்திற்குச் செல்வது? 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருப்பினும் தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம் என்கிறது. வாய்மொழியாகச் சொன்னால் அவர்கள் எழுதிக்கொண்டு, எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறவேண்டும். மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் கையொப்பம் இடவேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படி ஒன்றைக் கட்டணமின்றித் தரவேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளர்க்கு அஞ்சலில் எழுதலாம். இங்கே அறிக்கை மலையாளத்தில் இருக்கும். நம்முள் மூத்தோர் பலர் மலையாளம் பேசுவர், படிக்க அறியார். ஆதலின் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமையை விட்டுவிடாதீர்கள். காணாமற்போன ஒவ்வொரு காகிதத்தின் பெயரும் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு அலுவலகப் படி ஏறும்போது முதலில் கேட்கப்படுவது அந்த அறிக்கையே.

“போனது போகட்டும், யார் அலைவது” என்று ஊர் திரும்பிவிடுவோரே பலர். இது நம்மிடம் மட்டும் உள்ள வழக்கமன்று. நம் காலனிப் பிள்ளைகள் சிலர் பணிபுரியும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் சுற்றுலா இடங்களில் கார்க் கண்ணாடியை உடைத்துப் பையை எடுப்பது பெருந்தொல்லை. வண்டியை உடைத்துப் புகுந்த குற்றத்தை நிறுவக் கதவு பூட்டியிருந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது, அதற்குச் சாட்சியாகிய உரிமையாளரோ வெளியூர்க்காரர், ஊருக்குப் போயிருப்பார், வழக்கு நில்லாது. இந்த ஓட்டையை அடைப்பதற்கென்றே 2024-இல் அங்கே சட்டம் இயற்றினர். நம் நாட்டில், பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்லும் ஊர்தியினின்று பொருளைத் திருடுவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. சட்டம் கடுமையானதே. தகவல் கொடுப்பவர் இல்லையேல் அது ஏட்டிலேயே கிடக்கும்.

காகிதங்களைப் பற்றி மீண்டும் கூறுகிறேன். ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவுச் சான்றும் டிஜிலாக்கர் வழியாகக் கைப்பேசியில் இருந்தால் போதும் என்று 2018-லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. அப்படியிருக்க, மூலப் பதிவுச் சான்றையும் அதனோடு வீட்டுச் சாவியையும் முன்பெட்டிக்குள் வைத்துவிட்டு நாம் மலையேறுகிறோம்! சான்றில் வீட்டு முகவரி இருக்கிறது. சாவியும் கூடவே இருக்கிறது. வீட்டில் எவருமில்லை என்பதும் திருடனுக்குத் தெரிகிறது. சாவியை இடுப்பில் வையுங்கள். பம்பையில் நீராடுங்கால் மட்டும் ஒருவரைக் கரையில் நிறுத்தி அவரிடம் கொடுங்கள். காட்டில் கைப்பேசிக்கு அலை கிட்டாத இடங்கள் பலவாதலின், வேண்டிய சான்றுகளை முன்னரே கைப்பேசிக்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டனார் காலத்துத் தாள்களுக்கு டிஜிலாக்கர் உதவாது. அவற்றை எந்த அலுவலகமும் அங்கே ஏற்றி வைத்திருக்கவில்லை. இதன்பொருட்டுச் செயற்குழுவில் ஒரு வேண்டுகோள் வைத்தேன். செயலாளர் அவர்களும் அன்புடன் இசைந்துள்ளார்கள். ஆண்டு விழாவை அடுத்து வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை ஒன்பது மணி முதல் சங்கக் கட்டடத்தில் நகலெடுக்கும் கருவியோடு இளைஞர் இருவர் இருப்பர். வீட்டிலுள்ள பழைய பள்ளிப் படி, பணிப் பதிவேடு, வரிச்சீட்டு, பத்திரம் எதுவாயினும் கொண்டுவாருங்கள். படமெடுத்து உங்கள் கைப்பேசியிலேயே சேர்த்துத் தருவர். காகித நகலும் இரண்டு கிடைக்கும். சங்கம் எந்தப் படியையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. சான்றுரை பெற்ற நகல் வேண்டுவோர் தனித்தாளில் பெயர் எழுதி வைத்தால், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரிடம் ஒரே முறையாகக் கொண்டு செல்லலாம். பழைய தாள்களை மடிக்காமல், தடித்த அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.